மணக்கு

மணி ஆறே கால் ஆகிவிட்டது, எட்டரைக்கு வண்டியை எடுத்தால்தான் பத்து மணிக்குத் திருநெல்வேலி ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்க முடியும், அதற்குள் காருக்குள் இருக்கிற பெட்ரோல் வாடை போயாக வேண்டும், போயிற்றா போகவில்லையா என்பது குற்றாலிங்கத்துக்குத் தெரியப் போவதில்லை, ஏனென்றால் அவருக்கு மூக்கு செத்துப்போய் நாலு வருசம் ஆகிறது, அந்த விசயம் அவரைத் தவிர இந்தத் தென்காசியில் ஒரு குருவிக்குக்கூடத் தெரியாது. மூக்கு இருக்கிறது, பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது, கண்ணாடி அதில்தான் உட்கார்ந்திருக்கிறது, சளி பிடித்தால் ஒழுகவும் செய்கிறது. மணம் மட்டும் தெரியாது. நாலு கதவையும் டிக்கியையும் ஆவென்று திறந்து போட்டு, பின்சீட்டைக் கழற்றிக் கொய்யா மரத்தில் சாய்த்து, டிக்கி விரிப்பை உருவித் துணி காயப்போடுகிற கம்பியில் தொங்கவிட்டு, அறுபத்திரண்டு வயசில் முழங்கால் ரெண்டும் தரையில் பதிய மண்டியிட்டு, ஸ்டெப்னி டயர் கிடக்கிற குழிக்குள் தலையை விட்டு மரத்தூளைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்க்கத் தேய்க்க உள்ளுக்குள் ஏச்சு ஓயவில்லை. பூதலிங்கம், நீ விளங்குவியாலே. உனக்குச் சாவியைத் தூக்கிக் கொடுத்தேனே, என் கையில கொள்ளியை வைக்க. பூதலிங்கம் அவர் மச்சினன், பகவதியின் கூடப்பிறந்த தம்பி, தென்னந்தோப்புகளில் மிஷின் வைத்துப் புல் வெட்டிக் கொடுக்கிறவன். முந்தாநாள் தன்னுடைய லோடு ஆட்டோ நின்றுபோய்விட்டது என்று வந்து நின்றான். "அத்தான், ஒரு நடை. ஒரே ஒரு நடை. பூப்போல கொண்டாந்து விட்டுருதேன்." பூப்போல. புல்வெட்டுகிற மிஷினைப் பின்சீட்டில் படுக்கப்போட்டு, அஞ்சு லிட்டர் பெட்ரோல் கேனை டிக்கியில் வைத்திருக்கிறான். அந்தக் கேனுக்கு மூடி சரியாகச் சேராது. பாலித்தீன் பையைக் கிழித்து வாயில் திணித்து அதற்கு மேல் மூடியைத் திருகுவான். அவனுக்கு எல்லாமே அப்படித்தான், அவன் வீட்டுக் கதவும் அப்படித்தான், அவன் பண்ணின கல்யாணமும் அப்படித்தான்.

அரை லிட்டராவது சிந்தியிருக்கும், மேலே விரிப்பில் சிந்தி, விரிப்புக்குக் கீழே கம்பளி மாதிரி ஒன்று ஒட்டியிருக்கிறார்களே அதில் ஊறி, அங்கேயிருந்து பின்சீட்டுக்குக் கீழே நடந்து போயிருக்கிறது. நேற்று ராத்திரி ஏழு மணிவாக்கில் விரிப்பைத் தூக்கி விரலை வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. விரல் ஜில்லென்று ஆகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தது. தண்ணீர் அப்படிக் காயாது. அந்த விரலை மூக்குக்குள் நுழைக்காத குறையாக வைத்து இழுத்தார். ஒன்றுமில்லை. வெறும் காற்று, ஆள் இல்லாத வீட்டுக் காற்று. இதற்குள்தான் இன்றைக்கு அந்தப் பிள்ளை வரப்போகிறது. மகள் செண்பகத்துக்கு எட்டாம் மாசத்திலேயே பிறந்துவிட்ட பிள்ளை, இருபத்தாறு நாளாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பிள்ளை, முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும்தான் மொத்த நீளமும், பூனைக்குட்டி மூச்சு விடுகிற மாதிரி விலா எலும்பு ஏறி ஏறி இறங்குகிறது. டாக்டரம்மா நேற்று எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்துச் சொன்னாள், "இவனுக்கு நெஞ்சு இன்னும் பிஞ்சு. புகை ஆகாது, சென்ட் ஆகாது, பெயிண்டு, பெட்ரோலு, கொசுவர்த்தி, ஒண்ணும் ஆகாது. மூச்சை நிறுத்திக்கிடுவான். அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது." அந்தம்மா சொல்லும்போது கண்ணாடி வழியாகக் குற்றாலிங்கத்தைத்தான் பார்த்த மாதிரி இருந்தது. என்னை எதுக்கு பாக்கா? நானா பீடி குடிக்கேன்? பீடி குடிக்கிற ஆள் ஆவுடைநாயகம், அந்தா நிக்காரு, அவரைப் பாரு. ஆவுடைநாயகம் மாப்பிள்ளையுடைய அப்பா, பாவூர்சத்திரத்தில் ரெண்டு அரிசி மில், கப்பல் மாதிரி ஒரு கார், அந்தக் காருக்கு வெள்ளைச் சட்டை போட்ட டிரைவர். போனவாரம் பிள்ளையை எதில் கூட்டிக்கொண்டு போவது என்று பேச்சு வந்தபோது அவர், "நம்ம வண்டி இருக்குல்லா, ஏசி இருக்கு, குலுங்காது," என்றார். குலுங்காது. முப்பத்தொரு வருசம் அரசு பஸ் ஓட்டினவனிடம் குலுங்காது என்கிறார். பிரசவத்துக்கு வந்த பொண்ணு அப்பன் வீட்டு வண்டியிலதான் வரணும், எம் பேரன் என் ஸ்டீயரிங்லதான் வீட்டுக்கு வருவான் என்று இவர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். சொன்னது சொன்னதுதான்.

நேற்றுச் சாயங்காலம் அதற்குப் பதில் வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று. ஆவுடைநாயகத்தை மருந்துக் கடை வரைக்கும் இறக்கிவிட வேண்டியதாயிற்று, அவர் கார் எங்கேயோ போயிருந்தது. ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினவர் சாத்தின கையோடு கண்ணாடியை இறக்கினார். "என்ன அண்ணாச்சி, வண்டிக்குள்ள ஒரே வாடையா இருக்கு. தலை கிறுகிறுங்கு." குற்றாலிங்கம் தன் பக்கத்துக் கண்ணாடியையும் இறக்கினார். என்ன வாடை? அதைக் கேட்க முடியுமா? என்ன வாடை என்று கேட்டால் உமக்குத் தெரியலையா என்று வரும். வாயில் வந்ததைச் சொன்னார், "எலி ஏதாவது செத்துக் கிடக்கும் சம்பந்தி. நாளைக்கு ஏறிப் பாருங்க, கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும்." ஆவுடைநாயகம் திரும்பிப் பார்த்து, "எலியா?" என்றார். அவ்வளவுதான். ஒரு சிரிப்பு, பல் தெரியாத சிரிப்பு, மீசைக்குள்ளேயே. எலியா? அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ராத்திரி பூராவும் உருண்டாயிற்று. எலி வாடை இல்லையே என்று கேட்டாரா, எலி செத்த வண்டியிலா எம் பேரனை ஏத்துவீர் என்று கேட்டாரா, இல்லை கண்டுபிடித்தே விட்டாரா? கண்டுபிடித்திருந்தால் இந்நேரம் மில்லில் மூட்டை தூக்குகிறவனுக்குக்கூடத் தெரிந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும், நேற்று ஆஸ்பத்திரிக்கு வராத பகவதியிடமும் அதே எலியைத்தான் சொன்னார். பெட்ரோல் என்று சொன்னால் அவள் தம்பி பேர் வரும், தம்பி பேர் வந்தால் அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்கு வருவாள், சண்டை முடிகிற இடத்தில், "திருநெல்வேலி போயிட்டு வந்தீங்களே, போகவர மூணு மணி நேரம் உள்ளே உக்காந்திருந்தீங்களே, உங்களுக்குத் தெரியலையா?" என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு எலியே மேல்.

டெப்போவில் அவருக்குப் பேர் மோப்பம். குற்றாலிங்கம் என்று சம்பளப் புத்தகத்தில்தான் இருந்தது. மோப்பம் வந்தாச்சா, மோப்பம் எந்த வண்டி, என்றுதான் பேச்சு. தென்காசி திருநெல்வேலி ரூட்டில் கண்ணைக் கட்டி உட்கார வைத்தாலும் ஊரைச் சொல்லுவார், வெங்காயத் தொலி அழுகின வாடை வந்தால் பாவூர்சத்திரம் சந்தை, பீடி இலை வாடை வந்தால் ஆலங்குளம், நெல் அவிக்கிற வாடைக்கு ஒரு ஊர், கருப்பட்டி வாடைக்கு ஒரு ஊர். படிக்கட்டில் ஏறுகிறவன் நேற்றுக் குடித்தானா இன்றைக்குக் குடித்தானா என்பது கண்டக்டருக்கு முன்னால் இவருக்குத் தெரியும். ஒரு சித்திரை மாசம், வண்டியில் அறுபத்தேழு பேர், சீதபற்பநல்லூர் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, எங்கேயோ ஒயர் வெந்த வாடை. நினைத்து முடிக்கவில்லை, கால் பிரேக்கில் போய்விட்டது. எல்லாரையும் இறக்கிவிட்டார். "உமக்கென்ன கிறுக்கா, வெயில்ல இறக்கி விடுதீரு" என்று ஒரு பெரிய மீசை ஏசிக்கொண்டு நின்றது, ஏசி முடிக்குமுன் இன்ஜினுக்குள்ளிருந்து புகை வந்தது. மூளை சொல்லி மூக்கு கேட்டதில்லை, மூக்கு சொல்லிக் கால் கேட்டது. அந்த மூக்கு. அது ஊரையே கதவைச் சாத்தி உட்கார வைத்த காய்ச்சலில் போனது. பத்து நாள் படுத்திருந்து எழுந்து காப்பியைக் குடித்தால் வெந்நீர். மீன் குழம்பைச் சாப்பிட்டால் உப்பும் எரிப்பும். வந்துரும் என்று ஒரு மாசம் பார்த்தார், வருசம் ஒன்றாச்சு. மோப்பத்துக்கு மோப்பம் போச்சு என்று டீக்கடையில் சிரிப்பார்கள். ஒருத்தரிடமும் சொல்லவில்லை. பகவதி மூடியைத் திறந்ததும், "அடேயப்பா, தெருமுனைக்கு மணக்கு," என்று சொல்லப் பழகிக்கொண்டார். எந்த நாள் என்ன குழம்பு என்பதைக் காலையில் காய் நறுக்கும்போதே பார்த்து வைத்துக்கொள்வார். சில சமயம் இல்லாத வாடை வரும், ரப்பர் கரிகிற வாடை, சும்மா உட்கார்ந்திருக்கும்போது. எழுந்து வீடு பூராவும் தேடுவார். ஒன்றும் இருக்காது. இருக்கிறது தெரியாது, இல்லாதது தெரியும், என்ன மூக்கு இது. போன தை மாசம் பகவதி கோயிலுக்குப் போயிருந்தாள். கேஸ் திருகு லேசாகத் திறந்திருந்திருக்கிறது. பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் கேட்டிலிருந்தே கத்திக்கொண்டு ஓடிவந்து ஜன்னலையெல்லாம் திறந்தாள். "கண் அசந்துட்டேன்," என்றார். அதை நினைக்கக் கூடாது. அந்தக் கதவைச் சாத்து. தேய்.

தேய்த்தார். டெப்போவில் டீசல் கொட்டினால் மரத்தூள்தான், அதனால் நேற்றே அறுவை மில்லில் ஒரு சாக்கு அள்ளிக்கொண்டு வந்திருந்தார். மரத்தூளைப் போட்டு, அள்ளி, பிறகு சோப்புத்தூள், பிறகு ஆப்பச்சோடா, பிறகு ரெண்டு மூடி பினாயில், பிறகு எலுமிச்சம்பழம் எட்டு நறுக்கிப் பிழிந்தது, பிறகு ரெண்டு தட்டில் காப்பித்தூள். எது போதும், எது போதாது, எங்கே நிறுத்துவது? குருடன் சுவருக்கு வெள்ளையடிக்கிற மாதிரி இருந்தது. பூதலிங்கம் இப்போது எங்கே இருப்பான்? தூங்கிக்கொண்டிருப்பான், வாயைப் பிளந்துகொண்டு. அவனைக் கூப்பிட்டு இந்தக் குழியை நக்க வைக்க வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். சொல்லியிருந்தால் அன்றைக்கே கழுவியிருக்கலாம், அன்றைக்கே கழுவியிருந்தால் ஊறியிருக்காது. சொல்லாமல். சொல்லாமலா? சொல்லாமல்தான். என்னமோ முனகினான், அவன் முனகாத நாள் எது. கேட்டுக்கு வெளியே பூக்காரம்மா போனாள், போனில் யாரையோ ஏசிக்கொண்டே. குற்றாலிங்கத்துக்கு ஒரு யோசனை வந்தது. "இந்தாம்மா, முன்னால சாமி படம் இருக்கு பாரு, ஒரு முழம் போட்டுட்டுப் போ." அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே காருக்குள் தலையை விட்டாள். இவர் அவள் முகத்தையே பார்த்தார், மூக்கு சுருங்குகிறதா, புருவம் ஏறுகிறதா. "நீ அவகிட்ட சொல்லு, நான் செத்தாலும் வரமாட்டேன்," என்றாள் போனில். பூவைப் போட்டாள். தும்மினாள். ஒரே தும்மல். போய்விட்டாள். தும்மலுக்கு என்ன அர்த்தம்? காப்பித்தூளா, பினாயிலா, பெட்ரோலா? காலையில் சிலருக்குச் சும்மாவே தும்மல் வரும். நாள் பூராவும் மல்லிகைக் கூடைக்குள் கிடக்கிற மூக்கு, அவளுக்கு மட்டும் என்ன தெரியும். சனியன், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

சொன்னான்தான். மூடி மூடி வைத்தாலும் அது மரத்தூளுக்கு அடியிலிருந்து ஈரம் ஏறுகிற மாதிரி ஏறி வந்தது. முந்தாநாள் சாயங்காலம் பூதலிங்கம் சாவியை ஆணியில் மாட்டவில்லை, கையில்தான் கொடுத்தான், தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "அத்தான், டிக்கில லேசா சிந்திட்டு. துடைச்சுட்டேன். ஆனா எனக்கு மூக்குப் பழகிப்போச்சு, நீங்க ஒருக்க மோந்து பாத்துருங்க, உங்க மூக்கு மாதிரி வருமா?" உங்க மூக்கு மாதிரி வருமா என்று அந்தப் பயல் மரியாதையாகத்தான் கேட்டான், டெப்போக் கதையெல்லாம் கேட்டு வளர்ந்தவன். இவர் என்ன பண்ணினார்? டிக்கியைத் திறந்தார், குனிந்தார், நீளமாக ஒரு மூச்சை இழுத்தார், கண்ணைக்கூட மூடிக்கொண்டார், டாக்டர் மாதிரி. நிமிர்ந்து, "ஒண்ணும் இல்லலே, போ. ஒரு பொட்டு வாடை கிடையாது," என்றார். அவன் நிம்மதியாகப் போனான். யார் போகச் சொன்னது? நீ திரும்ப ஒருக்க துடைச்சுட்டுப் போயிருக்கக் கூடாதா? ஆயிரந்தான் சொல்லு, கேனுக்கு ஒழுங்கா ஒரு மூடி வாங்க வக்கில்லாத பயல்தானே. அவனை ஏசினால் கொஞ்ச நேரம் நெஞ்சு லேசாகிறது, ஏச்சு தீர்ந்ததும் அந்தக் குனிந்த முதுகு வந்து நிற்கிறது, மூடின கண் வந்து நிற்கிறது. வெட்கங்கெட்ட கண். ஆவுடைநாயகம் அதைப் பார்த்திருந்தால். போதும். மணி ஏழே கால்.

பகவதி காப்பியைக் கொண்டுவந்தாள். தலைக்கு ஊற்றி, பிள்ளையைத் தூக்கப் போகிறோம் என்று மாம்பழ நிறத்தில் புதுச் சேலை கட்டியிருந்தாள். டம்ளரை இவர் கையில் கொடுத்துவிட்டு, காருக்குள் தலையை விட்டாள், இவர் கேட்காமலே. ரெண்டு நொடி. தலையை வெளியே எடுத்து, "ம். மணக்கு," என்றாள். சேலையை ஒதுக்கிக்கொண்டு, இட்லித் தட்டை இறக்க வேண்டும் என்று உள்ளே போய்விட்டாள். மணக்கு. குற்றாலிங்கம் டம்ளரோடு நின்றார். என்ன மணக்கு? அவள் நாகர்கோவிலுக்குத் தெற்கே பிறந்தவள், முப்பத்தஞ்சு வருசம் தென்காசித் தண்ணியைக் குடித்து எல்லாப் பேச்சும் மாறிவிட்டது, இந்த ஒரு சொல் மட்டும் மாறவில்லை. அவளுக்கு மல்லிகைப் பூவும் மணக்கும், கருவாடும் மணக்கும், சாக்கடையும் மணக்கும். கல்யாணமான புதிதில் இவர் டூட்டி முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போது, "மணக்கு," என்பாள், இவர் கிறங்கிப்போய்க் கிட்டத்தில் போவார், "அய்ய, போய்க் குளிங்க, வேர்வை மணக்கு," என்று தள்ளிவிடுவாள். அப்போதெல்லாம் இவருக்கு மூக்கு இருந்தது, அவள் எதைச் சொல்கிறாள் என்பது தானாகத் தெரியும். இப்போது அந்தச் சொல் வெறும் கூடு. அவள் முகம் எப்படி இருந்தது? கவனிக்கவில்லை, டம்ளரை வாங்குகிற நேரம். குரல்? சாதாரணக் குரல். ம் என்றாளே, அந்த ம் எப்படிப்பட்ட ம்? பரவாயில்லை என்கிற ம்மா, தொலையட்டும் என்கிற ம்மா? உள்ளே போய், என்ன மணக்கு என்று கேட்டால் என்ன? கேட்டால், "உங்களுக்கு மூக்கு இல்லையா?" என்பாள், விளையாட்டுக்குத்தான் சொல்லுவாள், அந்த விளையாட்டுதான் ஆகாது. எலுமிச்சம்பழம் எட்டுப் போட்டிருக்கிறது, காப்பித்தூள் ரெண்டு தட்டு, ஒரு முழம் பூ. நல்ல மணம்தான். நாற்றமாக இருந்தால் அவள் சும்மா போகிறவளா, ஊரைக் கூட்டியிருப்பாள். நல்ல மணம்தான். அதை அப்படியே பிடித்துக்கொண்டார். பிடித்ததும் ஆத்திரம் ஆவுடைநாயகத்தின் மேல் பாய்ந்தது, வாரும்வே, இன்னைக்கு ஏறிப் பாரும், மீசை துடிக்க மோந்து பாரும், எலியா என்று கேளும் பார்ப்போம். விரிப்பை எடுத்துத் தட்டி விரித்தார், பின்சீட்டை மாட்டினார், மணம் வெளியே போய்விடக் கூடாது என்று நாலு கண்ணாடியையும் மேலே ஏற்றினார், டிக்கியையும் கதவுகளையும் அடித்துச் சாத்தினார். வெயில் கொய்யா மரத்தைத் தாண்டிக் காரின் கூரையில் ஏறிக்கொண்டிருந்தது. குளிக்கப் போனார்.

குளிக்கும்போதும் விடவில்லை. தண்ணீர் தலையில் விழ விழ, மணக்கு, மணக்கு. சோப்பைக் கையில் எடுத்துப் பழக்கத்தில் மூக்கிடம் கொண்டுபோனார், வழுவழுப்பான ஒரு கல். பிள்ளை பின்சீட்டில் செண்பகத்தின் மடியில் இருக்கும், மூக்கு டிக்கிப் பக்கம்தான். மூச்சை நிறுத்திக்கிடுவான். ஆலங்குளம் வரும்போது நிறுத்தினால் யாருக்குத் தெரியும், ரோட்டைப் பார்க்கிறவனுக்கா தெரியும்? நல்ல மணம்தான், அவளே சொல்லிவிட்டாள். அவள் சொன்னாளா, நீ சொல்லிக்கொண்டாயா? அன்றைக்கும் ஒரு பொட்டு வாடை கிடையாது என்று சொன்னவன் நீதானே. வேட்டியைச் சுற்றிக்கொண்டு, தலையைத் துவட்டிக்கொண்டே முற்றத்துக்கு வந்தார். மணி எட்டு. பகவதி காருக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் கையில் தூபக்கால் இருந்தது. தேங்காய்ச் சிரட்டைக் கங்கு, உள்ளே செக்கச் சிவந்து கிடந்தது, அவள் ஓலை விசிறியால் விசிற விசிற இன்னும் சிவந்தது. இடுப்பில் சாம்பிராணிப் பொட்டலம் செருகியிருந்தது. விசிறியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்கதவின் கைப்பிடிக்குக் கையை நீட்டினாள். குற்றாலிங்கம் துண்டோடு நின்றார். டாக்டரம்மா சொன்னதாக இவர் வந்து சொன்னதெல்லாம் பகவதிக்குச் சென்டுக்கும் பெயிண்டுக்கும்தான், சாம்பிராணி அவள் கணக்கில் புகையே இல்லை, அது மருந்து. நல்ல மணம்தானே, பெட்ரோல் போய்விட்டதே, காட்டட்டுமே. போய்விட்டதா? தும்மினாளே. எலியா என்றாரே. அரை மணி நேரமாக வெயிலில் மூடிக் கிடக்கிறதே. சீதபற்பநல்லூரில் கால் தானாகப் போயிற்று, இப்போது கால் போகவில்லை, சொல்வதற்கு உள்ளே ஆள் இல்லை, தானே யோசித்துத் தானே போக வேண்டும். போய்த் தடுத்தால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்றால் பெட்ரோல். பெட்ரோல் என்றால் எலி பொய். எலி பொய் என்றால். கைப்பிடி டக்கென்று திறந்தது.

"ஏய் பகவதி! கையை எடு! அதைத் தூரக் கொண்டுபோ!"

"எதை?"

"கங்கைத்தான், தூரக் கொண்டுபோடீ!"

"எலி செத்த வண்டியில பச்சப்பிள்ளை வருது, ஒருக்க புகை காட்டிட்டா..."

அவள் முடிக்கவில்லை. துணி அலசி வைத்திருந்த வாளி காலடியில் இருந்தது. தூக்கித் தண்ணீரை வீசினார். கங்கு சீறி அவிந்து, கருஞ்சாம்பல் மாம்பழச் சேலையில் இடுப்பிலிருந்து கால் வரைக்கும் வழிந்தது. தூபக்கால் கீழே விழுந்து உருண்டது. பகவதி சேலையைக் கொத்தாகப் பிடித்து உதறினாள்.

"கிறுக்கா புடிச்சிருக்கு உங்களுக்கு? இந்தச் சேலையை..."

"பெட்ரோல். உள்ள பெட்ரோல் சிந்திக் கிடக்கு."

"எலின்னீங்களே."

"எலி இல்ல."

அவள் திறந்த கதவுக்குள் முகத்தை விட்டாள், விட்ட வேகத்தில் பின்வாங்கினாள், முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். "அய்யோ. பெட்ரோலேதான். பங்க் மாதிரி அடிக்கு. காலையிலேயே சொன்னேனே, மணக்குன்னு."

"நல்ல மணம்னு நெனச்சேன்."

"நல்ல மணமா? என் கொடலைப் பெரட்டிச்சு. எலிக்கு என்னத்தையோ மருந்து ஊத்திக் கழுவியிருக்காருன்னு நெனச்சேன், வெயில்ல போயிரும்னு பேசாம இருந்தேன். பக்கத்துல நிக்கிய உங்களுக்குத் தெரியலையா?"

துண்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். "தெரியல."

"சளியா?"

"சளி இல்ல. நாலு வருசமாவே தெரியல."

பகவதி அவரையே பார்த்தாள். முதலில் அவளுக்குப் புரியவில்லை என்பது தெரிந்தது, பிறகு புரிகிறது என்பதும் தெரிந்தது, கண் எங்கேயோ பின்னால் போய் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு வருகிற மாதிரி இருந்தது. "அப்போ நான் வைக்கிற குழம்பு?"

"உப்பு தெரியும். எரிப்பு தெரியும்."

"தெருமுனைக்கு மணக்குன்னு சொல்லுவீங்களே. தெனமும் சொல்லுவீங்களே." குரல் இறங்கியது. "தை மாசம் கேஸ் திறந்து கிடந்தப்போ கண் அசந்துட்டேன்னீங்க."

"அசரல."

"வந்ததும் விளக்கு ஏத்தணும்னுதான் நான் வந்தேன். கோயிலுக்குக் கொண்டுபோன தீப்பெட்டி கையிலயே இருந்திச்சு." அவள் கத்தவில்லை. கத்தினால் நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. "கேட்டுக்கிட்ட பிச்சிப்பூ வாங்க நின்னதுல காத்து இந்தப் பக்கமா அடிச்சு எனக்குத் தெரிஞ்சுது. இல்லைன்னா? நாலு வருசமா என்னைக் கொல்லப் பாத்திருக்கீங்க. மோப்பம், மோப்பம்னு நாலு பேரு சொன்ன பேருக்காக."

பூதலிங்கத்தை ஏசலாம் என்று பார்த்தார், ஏச்சு வாயில் ஏறவில்லை. அவள் தூபக்காலைக் குனிந்து எடுத்து, சாம்பலைக் கொய்யா மர மூட்டில் தட்டினாள். "இதுல பிள்ளை ஏறாது," என்றாள். "பூதலிங்கத்தைக் கூப்பிடுதேன், எங்கேயாவது டாக்சி பிடிச்சுத் தருவான். அவன்தானே சிந்துனது? வேற யாரு சிந்துவா. வரட்டும், அவனுக்கு இருக்கு."

"அவன் சொல்லிட்டுத்தான் போனான். மோந்து பாக்கச் சொன்னான். நான்தான் ஒண்ணும் இல்லைன்னுட்டேன்."

"எட்டு மணிக்கு டாக்சிக்கு எங்க போவான்?" என்றாள், அதைக் கேட்காத மாதிரி. "பத்து மணிக்கு அவங்க பெட்டியை விட்டு எடுத்துக் கையில கொடுத்துருவாங்க. வாசல்ல வண்டி நிக்கணும்."

நிற்கிற வண்டி எது என்பது ரெண்டு பேருக்கும் தெரியும். குற்றாலிங்கம் உள்ளே போய்ப் போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கே திரும்ப வந்தார், சட்டை போடாமல். உள்ளே நின்று பேசியிருக்கலாம். ஏன் வெளியே வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை, அந்தக் கார் கண்ணில் பட வேண்டும் போல் இருந்தது. அந்தப் பக்கம் மணி அடித்தது. கடகடவென்று மில் ஓடுகிற சத்தத்துக்கு நடுவில் ஆவுடைநாயகத்தின் குரல் வந்தது.

"சொல்லுங்க அண்ணாச்சி! கிளம்பியாச்சா? எலியைத் தூக்கிப் போட்டாச்சா?"

பல்லைக் கடித்தார். கடித்த பல்லுக்குள்ளிருந்து வார்த்தையை ஒவ்வொன்றாக வெளியே தள்ளினார். "சம்பந்தி, பிள்ளையை உங்க வண்டியில ஏத்துங்க. டிரைவரை வரச் சொல்லிருங்க. நாங்க பஸ்ல வந்துருதோம்."

"ஏன், உங்க வண்டிக்கு என்ன?"

பேட்டரி இறங்கிப்போச்சு. டயர் பஞ்சர். கிளட்ச் கேபிள். மூன்றும் வரிசையாக நாக்கு நுனியில் வந்து நின்றன, மூன்றுமே நன்றாக இருந்தன, எதைச் சொன்னாலும் நம்புவார், பழைய வண்டி என்று ரெண்டு நாள் சிரிப்பார், அதோடு முடிந்துபோகும். பகவதி எதிரே நின்றாள், சேலையில் சாம்பல் வழிந்துகொண்டிருந்தது, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு மணம் தெரியாது."

"என்னது? ஒண்ணும் கேக்கல அண்ணாச்சி, மில் ஓடுது. சத்தமாச் சொல்லுங்க."

குற்றாலிங்கம் போனை வாய்க்கு நேராகப் பிடித்தார். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"மணம் தெரியாது சம்பந்தி!" என்று பஸ் ஸ்டாண்டில் ஊர்ப் பேரைக் கத்துகிற மாதிரிக் கத்தினார். "எனக்கு மணம் தெரியாது!"